எல்லாவற்றுக்கும் மூன்று

(ஆக்லாந்து நகர மையத்தில் நடந்த இலக்கியக் கூட்டத்தில் பேசி, நேரலையில் ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த அறையில் இருக்கிறவர்களுக்கும், லண்டனில் விடிந்தும் விடியாமலும் போனைத் திறந்து வைத்திருக்கிறவர்களுக்கும், சிங்கப்பூரில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் என் அன்பு.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டு என்ன தலைப்பு என்று கேட்டார். ஒரு கேள்வித்தாளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “இலக்கியக் கூட்டம்மா இது” என்றார். தெரியும் அண்ணன். நான் பேசப்போவது ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றித்தான். மொத்தமே ஐந்து வரி. கவிதை மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை தப்பினால் விமர்சகர் திட்டுவார். இதில் தப்பினால் ஓர் ஆள் சாப்பிடாமல் கிடப்பதுகூட நமக்குத் தெரியாமல் போகும்.

அந்த ஐந்து வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 1998 முதல் புழங்குகிற மனநலக் கேள்வித்தாள் அது. போன இரண்டு வாரத்தில் நீங்கள் உற்சாகமாக இருந்தீர்களா, மனம் அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, எழுந்திருக்கும்போது நன்றாகத் தூங்கிய புத்துணர்வு இருந்ததா, தினசரி வாழ்க்கையில் பிடிப்பு இருந்ததா. அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை ஓர் எண். 5 என்றால் எப்போதுமே அப்படி இருந்தேன், 0 என்றால் ஒருபோதும் இல்லை, 3 என்றால் பாதி நேரத்துக்கு மேல். கூட்டினால் 25. அதை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வரும். 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த ஆளைச் சரியாகக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நாலாவது கேள்விக்கு நைட் ஷிஃப்ட் பார்க்கிற எந்த நர்ஸும் ஒன்றுக்கு மேல் போடமாட்டாள், அதை விடுங்கள்.

இந்தத் தாள் சீனத்திலும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். எந்த இடம் என்பது வேண்டாம். அங்கே 84 வயதில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். எல்லோரும் ‘போபோ’ என்போம், கான்டனீஸில் பாட்டி என்று அர்த்தம். ஊர் குவாங்டாங் மாகாணத்தில் தைஷான் பக்கம். 1860களில் ஒட்டாகோவில் தங்கம் தோண்ட வந்த சீனர்களில் பெரும்பாலோர் அந்தக் குவாங்டாங் மாகாணத்துக்காரர்கள்தான். அவர்களுக்கு இந்த நாடு 1881இல் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டது, 1896இல் அதை 100 ஆக்கியது, 1944இல்தான் எடுத்தது, 2002இல் மன்னிப்புக் கேட்டது. வேறு யாருக்கும் இல்லாத வரி. நம் போபோ அந்தக் காலத்து ஆள் இல்லை, பிள்ளையோடு பின்னால் வந்தவர். இருந்தாலும் ஒரு வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யூனிஃபார்மில் ஒருத்தி வந்து நின்றால் அவர் முதுகு நிமிர்ந்துவிடும். நம்ம ஊரில் தாசில்தார் ஆபீஸ் ஆள் வந்தால் பாட்டிமார் எழுந்து நிற்பார்களே, அந்த மாதிரி.

அவரிடம் கேள்வி கேட்டது நான்தான். தொலைபேசியில் கான்டனீஸ் மொழிபெயர்ப்பாளர். இந்த நாட்டில் 1996இலிருந்து நோயாளிக்கான உரிமைகளில் அதுவும் ஒன்று, தேவைப்பட்டு, முடிகிற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும். அவர் வரிவரியாக வாசித்தார். போபோ ஒவ்வொன்றுக்கும் யோசித்து, மரியாதையாகத் தலையாட்டி, பதில் சொன்னார். மூன்று. மூன்று. மூன்று. மூன்று. மூன்று. கூட்டினால் 15, நான்கால் பெருக்கினால் 60. ஐம்பதுக்கு மேல். எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டோம். மறுபடியும் ஐந்து மூன்று. மறுபடியும் 60. எனக்குச் சந்தோஷம்கூட.

ஏன் சந்தோஷம் என்று சொல்ல, கொஞ்சம் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், நான் டிப்ளமாக்காரி, எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்வேன்.

ஒரு கேள்வித்தாளை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதன்பிறகு நம்பகத்தன்மைச் சோதனை. இதில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, அதே ஆளிடம் சில நாள் கழித்துக் கேட்டால் ஏறக்குறைய அதே பதில் வருகிறதா. இன்னொன்று, தாளில் உள்ள கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகின்றனவா. இதற்கு 1951இல் குரோன்பாக் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரையிலிருந்து ஓர் எண் பிரபலமானது, ஆல்ஃபா என்பார்கள். பெரும்பாலும் 0க்கும் 1க்கும் நடுவே வரும். 0.7க்கு மேல் வந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். சர்ச்சில் பாடகர் குழுவில் நின்றவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பத்துப் பேரும் ஒரே சுருதியில் நிற்கிறார்களா என்பதுதான் ஆல்ஃபா. பாடுகிற பாட்டு சரியான பாட்டா என்று அது சொல்லாது. கல்யாண வீட்டில் நின்றுகொண்டு அடக்க ஆராதனைப் பாட்டை எல்லோரும் ஒரே சுருதியில் பாடினாலும் ஆல்ஃபா நன்றாகத்தான் வரும்.

நான் படித்துக்கொண்டிருந்தபோது பிரசவ வார்டில் ஒரு தராசு இருந்தது. எந்தக் குழந்தையைப் போட்டாலும் 200 கிராம் கூட்டிக் காட்டும். பத்துத் தடவை போட்டாலும் பத்துத் தடவையும் அதே 200 கிராம். அது ரொம்ப நம்பகமான தராசு. எடைதான் தப்பு. அந்த இரண்டாவது விஷயத்தை, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பதை, ஏற்புடைமை என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

இப்போது போபோவுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சொல்கிற ஆட்கள் நிறைய இருந்தால் ஆல்ஃபா ஏறும். இறங்காது. ஒருத்தர் எல்லாவற்றுக்கும் மூன்று, இன்னொருத்தர் எல்லாவற்றுக்கும் நான்கு, வேறொருத்தர் எல்லாவற்றுக்கும் இரண்டு என்றால் கேள்விகள் அற்புதமாக ஒத்துப் போகின்றன என்றுதான் கணக்கு சொல்லும். கேள்வியைக் கேட்காமலே பதில் சொன்னாலும் அப்படித்தான். இது தெரிந்துதான் சில கேள்வித்தாள்களில் நடுவே தலைகீழான கேள்விகளைப் போடுவார்கள். நாலு கேள்வி ‘சந்தோஷமா’ என்று இருந்தால், ஐந்தாவது ‘பயனற்றவள் என்று நினைக்கிறீர்களா’ என்று இருக்கும். தூங்கி வழிகிற ஆள் அதிலே மாட்டிக்கொள்வார்.

ஆனால் அந்தத் தலைகீழ்க் கேள்விகள் சீனத்துக்குப் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மோரிஸ் ரோசன்பெர்க் என்ற சமூகவியலாளர் 1965இல் வெளியிட்ட பத்துக் கேள்வித் தாள் ஒன்று உண்டு. ஒருவர் தன்னைப் பற்றி எவ்வளவு நல்லபடியாக நினைக்கிறார் என்று அளப்பதற்கு. உலகம் முழுக்கப் போனது. அதில் எட்டாவது வரி, எனக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தால் தேவலை என்கிற மாதிரி வரும். ஆங்கிலத்தில் அது மனக்குறை. இருக்க வேண்டிய மரியாதை இல்லை என்கிற ஏக்கம். அதற்கு ஆமாம் போட்டால் மதிப்பெண் குறையும். சீனத்தில் வாசித்தவர்களுக்கு அது ஏக்கமாகப் படவில்லை, லட்சியமாகப் பட்டது. இன்னும் மதிக்கத்தக்கவனாக வாழ வேண்டும் என்று நினைப்பது நல்ல பிள்ளையின் அடையாளம் இல்லையா? தன்னைப் பற்றி நன்றாக நினைக்கிறவர்களே அதற்கு ஓங்கி ஆமாம் போட்டார்கள். ஒன்பது கேள்வி ஒரு பாட்டு, எட்டாவது வேறு பாட்டு. சீன ஆய்வாளர்கள் சிலர் அந்த வரியைத் தூக்கிவிடு என்றார்கள், சிலர் அதை நேர்க் கேள்வியாகவே எண்ணிக்கொள் என்றார்கள்.

மொழிபெயர்த்தவர் மேல் குற்றம் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை சரி. திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் சரியாகத்தான் வந்திருக்கும். கேட்ட மனிதர் வேறொரு கேள்வியைக் கேட்டார், அவ்வளவுதான்.

நமக்கும் இது உண்டு. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று, 1987இல் வந்தது, பத்துக் கேள்வி. இங்கே பிரசவித்த நம் பெண்களிடமும் பிளங்கெட் நர்ஸ் கேட்டிருக்கலாம். அதில் ஒரு வரி ஆங்கில மரபுத்தொடர். வேலையும் கவலையும் சமாளிக்க முடியாமல் போகிறது என்பதை அவர்கள், எல்லாம் என்மேல் ஏறுகிறது என்கிற மாதிரி சொல்வார்கள். அதை அப்படியே தமிழில் போட்டுக் குரும்பூர்ப் பக்கத்து ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள். “என்னத்தட்டி ஏறுது? எனக்கு ஒண்ணும் ஏறலயே!” என்று திருநீறும் ஜெபமும் தேட ஆரம்பித்துவிடுவார்.

அந்தத் தாளை எழுதியவர்கள் 12க்கு மேல் போனால் கவனி என்றார்கள். ஹாங்காங்கில் சீனத் தாய்மாரிடம் சோதித்து 1998இல் வெளியிட்டபோது 9க்கு மேலேயே கவனிக்கச் சொன்னார்கள். தமிழுக்கு, வேலூரிலிருந்து 2005இல் வந்த ஆய்வு 8க்கு மேல் என்று கோடு போட்டது. யோசித்துப் பாருங்கள். 11 வாங்கிய ஸ்காட்லாந்துத் தாய் வீட்டுக்குப் போகலாம். 11 வாங்கிய காட்பாடித் தாயை உட்கார வைத்துப் பேச வேண்டும். நம் பெண்கள் வலியைக் குறைத்துச் சொல்கிறார்கள், அல்லது வேறு விதமாகச் சொல்கிறார்கள். இந்தக் கோட்டை ஆல்ஃபாவை வைத்துப் போட முடியாது. தாளை நிரப்பிய அதே பெண்களோடு பயிற்சி உள்ள ஒருவர் தனியாக உட்கார்ந்து, விவரமாகப் பேசி, நிலைமையைக் கண்டறிந்து, பிறகு தாளோடு ஒப்பிட வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. அதைச் செய்தவர்களுக்கு எப்போதும் நன்றி சொல்கிறவள் நான்.

வேறு விதமாகச் சொல்வது என்றேன். 1980இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சீனாவில் ஹூனான் மாகாணத்தில், நரம்புத் தளர்ச்சி என்று சீட்டு எழுதப்பட்ட 100 பேரைப் பார்த்தார். தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று வந்தவர்கள். அவருடைய அளவுகோலில் அதில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய். அவர்கள் பொய் சொல்லவில்லை. உடம்பைச் சொன்னார்கள். நம்ம ஊரில் “நெஞ்ச அடைக்கி, கை காலெல்லாம் எரியுது” என்று ஓபியில் நிற்கிற அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். இதே ஆக்லாந்தில், 55 வயதுக்கு மேற்பட்ட 162 சீனப் புலம்பெயர்ந்தோரிடம் செய்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. 26 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள். யாருக்கு அது அதிகம் என்று பார்த்தால், மனதுக்கு ஆதரவாக ஆள் இல்லாதவர்களுக்கு, மருத்துவ சேவையை எட்டச் சிரமப்படுகிறவர்களுக்கு, அதோடு அடிக்கடி டாக்டரிடம் போகிறவர்களுக்கு. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். அவர்கள் போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

இங்கே யாழ்ப்பாணத்து அக்காமார் இருக்கிறீர்கள். ‘மன அழுத்தம்’ என்றால் உங்களுக்கு என்ன? சரி, வேலைப் பளு, நெருக்கடி. எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் அதே சொல் நோயாகிய மனச்சோர்வுக்கும் வரும், நெருக்கடிக்கும் வரும். ஒரே தாளை இந்த அறையில் கொடுத்தால் இரண்டு வரிசை இரண்டு கேள்விக்குப் பதில் எழுதும். ஆல்ஃபா மட்டும் பிரமாதமாக வரும்.

அப்புறம் இன்னொரு விஷயம், எங்கள் ஆட்களைப் பற்றி. என் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு எப்படிம்மா இருக்கீங்க என்றால், “ஸ்தோத்திரம், ஆண்டவர் ஒரு குறையும் வைக்கல” என்பார். முழங்கால் வீங்கி, பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிற நாளிலும் அதே பதில். வாழ்க்கையில் திருப்தியா என்று ஒரு தாள் கேட்டால், இல்லை என்று சொல்வது அவருக்கு நன்றி கெட்டதனம். சங்கீத புத்தகத்தில் அவ்வளவு புலம்பல் இருக்கிறது, யோபு அத்தனை அதிகாரம் அழுகிறான். இருந்தாலும் சாட்சி சொல்ல எழுந்தால் நாங்கள் எல்லோரும் ஐந்து, ஐந்து, ஐந்துதான். அந்தத் தாளில் எல்லா வரியும் நல்ல விஷயத்தையே கேட்கிறது. குறைத்துச் சொன்னால் புலம்பல், கூட்டிச் சொன்னால் பெருமை. மரியாதை தெரிந்த ஒரு சீனப் பாட்டி எங்கே போய் நிற்பார்? மூன்றில்.

எனக்கு இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. என் தப்பு வெளியே வந்த விதம் இதுதான்.

எங்களோடு வேலை செய்த கேர்கிவர் ஒருத்தி தைஷான்காரி. தைஷான் பேச்சு கான்டனீஸுக்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு காது வேண்டும். அவள் லீவு முடிந்து வந்து ஒரு மாலை போபோவின் அறைக்குள் போனவள், அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நான் கோபமாகத்தான் தேடிப் போனேன், மற்ற அறைகளில் ஆள் காத்திருக்கிறார்கள். போபோ அழுதுகொண்டிருந்தார். என்ன கேட்டாய் என்றேன். “சாப்பிட்டாச்சான்னுதான் கேட்டேன்” என்றாள். அங்கேயும் அதுதான் நலம் விசாரிப்பு, நம்மைப் போலவே.

சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது என்றாராம். ஏப்ரலில் சிங்மிங் வரும், முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைக்கிற நாள். கணவரின் கல்லறை ஊரில். இத்தனை வருடமாகக் கூட்டிப் பெருக்கப் போகவில்லை, இனிப் போக முடியாது, புல் மூடியிருக்கும், அந்த மனிதர் யாரும் இல்லாதவர் மாதிரி கிடக்கிறார். ராத்திரி மூன்று மணிக்கு விழித்து அதையே நினைக்கிறார். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோக எனக்கு ஊரில் அப்பா இருக்கிறார். நான் இங்கே வந்து எத்தனை நவம்பர் போயிற்று. அந்த அறையில் நின்றுகொண்டு நான் அதைத்தான் நினைத்தேன், போபோவை நினைப்பதற்கு முன்னால். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எடைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைந்திருந்தார். அந்த எண்ணும் என் கண்முன்னேதான் இருந்தது. 60 என்ற எண்ணைப் பார்த்து, இதற்கு வேறு காரணம் இருக்கும், வயசு, பல் செட் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் மூன்று, மூன்று? அவளிடம் கேட்கச் சொன்னேன். அவள் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு என்னிடம் சொன்னது: தொலைபேசியில் பேசிய பிள்ளை ரேடியோச் செய்தி மாதிரி பேசியது. பாதி புரிந்தது. நர்ஸுக்கு வேலை இருக்கிறது, தடுத்து வைக்கக்கூடாது. மூன்று நடுவில் இருக்கிறது, யாருக்கும் தொந்தரவு இல்லை.

மொழிபெயர்ப்பாளர் தாளில் இருந்த எழுத்துச் சீனத்தை, எழுத்துக்கு எழுத்து கான்டனீஸ் உச்சரிப்பில் வாசித்திருக்கிறார். அவர் தப்பு செய்யவில்லை, தாளை மாற்றக்கூடாது என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தோம். “தாங்கள் கடந்த இரு வாரங்களில் உற்சாகத்துடனும் நன்மனநிலையுடனும் இருந்தீர்களா” என்று என் அம்மாவிடம் ஒருவர் போனில் வாசித்தால், அம்மாவும் சரி தம்பி, சரி தம்பி என்றுதான் சொல்வார். எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் நடுவே வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு மட்டும் அன்றைக்கு உறைக்கவில்லை.

டாக்டரிடம் சொன்னோம். அவர் வந்து, கேர்கிவரை அருகில் வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் பேசினார். மருந்து ஆரம்பித்தார். மகன் ஊரில் ஓர் உறவுக்காரப் பையனைப் பிடித்துக் கல்லறையைச் சுத்தம் செய்யவைத்து வீடியோ அனுப்பச் சொன்னார். அதைப் போபோ தினமும் போட்டுப் பார்ப்பார், சத்தமாக, பக்கத்து அறைக்காரர் புகார் சொல்லும் அளவுக்கு.

இரண்டு மாதம் போனது. கஞ்சி குடித்தார், பிறகு டம்ப்ளிங் கேட்டார், எடை ஒன்றரைக் கிலோ ஏறியது. மறுபடி அந்தத் தாளை எடுக்க வேண்டிய நாள் வந்தது. இந்தத் தடவை தைஷான்காரி கேட்டாள், வீட்டுப் பேச்சில். போபோ ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தார். உற்சாகம், மூன்று. அமைதி, இரண்டு. சுறுசுறுப்புக்குச் சிரித்துவிட்டு, “இந்தக் காலை வெச்சுக்கிட்டா?” என்று இரண்டு. தூக்கம், இரண்டு. கடைசிக்கு ஜன்னலைப் பார்த்துவிட்டு மூன்று. கூட்டினால் 12, மொத்தம் 48.

டாக்டர் ஃபைலைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். 60, 60, இப்போது 48. மோசமாகியிருக்கிறாரே, மருந்தைக் கூட்டணுமா என்றார். “இல்ல டாக்டர், முந்தின ரெண்டும் நான் எழுதினது. இதுதான் அவங்க சொன்னது” என்றேன்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது, அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வீட்டுத் தமிழிலேயே கேளுங்கள்.